சித்தமானால்

எங்கள் ஆச்சி எங்கே புறப்பட்டாலும் வெறுமனே "போயிட்டு வாரேன்" என்று சொன்னதில்லை. "கர்த்தருக்குச் சித்தமானா வாரேன்" என்பாள். நாசரேத்துக்கு ரயில் ஏறும்போதும் அதுதான். நாலு வீடு தள்ளி மோர் வாங்கப் போகும்போதும் அதுதான். "மோருக்குமா ஆச்சி சித்தம் வேணும்?" என்று ஒருநாள் சிரித்தேன். "அதுக்குத்தாம்ல முதல்ல வேணும்" என்றாள்.

திருநெல்வேலிக் கிறிஸ்தவ வீடுகளின் கல்யாணப் பத்திரிகையிலும் இந்தச் சொல் அச்சாகும். தேவனுக்குச் சித்தமானால் இன்ன தேதி, இன்ன ஆலயம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று, ஆட்டுக்கறிக்குச் சொல்லியாயிற்று, ஆனாலும் சித்தமானால். கடிதத்தின் தலையில் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதுவதுபோல இதுவும் ஒரு சம்பிரதாயம் என்றே பல காலம் நினைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு என் வலது முழங்காலில் அறுவை நடந்தது. ஆறு வாரம் கட்டில். கழிவறைக்குப் போகத் தம்பியின் தோள், குளிக்க அவன் கை, கீழே விழுந்த கண்ணாடியை எடுக்கக்கூட யாரையாவது கூப்பிட வேண்டும். வீட்டில் எல்லாரும் பொறுமையாகத்தான் இருந்தார்கள். எரிந்து விழுந்தது நான். ஒருநாள் தம்பி கையில் சோப்பு நுரையோடு நின்று சொன்னான்: "அண்ணே, உனக்குக் கால் வலியைவிட வெக்கந்தான் பெருசா இருக்கு." நாற்பது ஆண்டுகளாக ஞாயிறுதோறும் ஆலயத்தில் முழங்காலிட்டு, உம்மைத் தவிர எங்களுக்கு யாரும் இல்லை என்று ஜெபித்த அதே முழங்கால்தான். கடவுளை நம்பியிருக்கிறேன் என்று சபை நடுவே சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. தம்பியின் தோளை நம்பியிருப்பதுதான் முடியவில்லை.

அந்த நாட்களில் அடிக்கடி நினைவுக்கு வந்தவர் ஏமி கார்மைக்கேல். டோனாவூரில் பிள்ளைகளுக்கு ஓடி ஓடி உழைத்த அயர்லாந்துக்காரப் பெண்மணி என்றுதான் எங்கள் ஞாயிறு பள்ளியில் சொல்லித் தந்தார்கள். அவருடைய கடைசி இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஒரே அறையில், கட்டிலில் கழிந்தன என்பதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. ஊன்றுகோலோடு நடக்க முடிந்தவுடன் முதல் பயணம் அங்கேதான் என்று முடிவு செய்தேன்.

*

பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரத்தின் நிழலில் ஒரு காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினேன். தூய திரித்துவப் பேராலயம் என்று பலகையில் எழுதியிருந்தாலும் ஊருக்கு அது ஊசிக்கோபுரம்தான். 1826இல் எழுந்த இந்த ஆலயத்துக்குப் பின்னால் இருந்தவர் ரேனியஸ் என்ற மிஷனரி. பிரஷ்யாவில் பிறந்து, 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து, தமிழில் இலக்கணம் எழுதும் அளவுக்கு ஊறியவர். தம்மை அனுப்பிய சங்கத்தோடே பிற்காலத்தில் முரண்பட்டுப் பிரிந்து, 1838இல் இங்கேயே இறந்து, பாளையிலேயே அடக்கமானார்.

டோனாவூர் என்ற பெயரும் அவர் காலத்தில் வந்ததுதான். மேற்குமலை அடிவாரத்தில் புதிதாகக் குடியேறிய கிறிஸ்தவர்களுக்கு ஆலயம் கட்ட ஜெர்மனியிலிருந்து பணம் அனுப்பிய பிரபுவின் பெயர் டோனா. டோனாவின் ஊர், டோனாவூர். இனிஷியலைப் போல ஊரின் தலையில் ஒரு ஜெர்மன் பெயர், வால் மட்டும் தமிழ். பெற்றுக்கொண்டதைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கும் ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

புதிய பேருந்து நிலையத்தில் நாகர்கோவில் வண்டி ஏறி, நாங்குநேரியில் இறங்கி, களக்காடு வண்டிக்கு மாறினேன். ஆனி மாதம். மேற்கிலிருந்து காற்று வண்டியையே ஒரு பக்கமாகத் தள்ளியது. மலைக்கு மேல் மேகம் படுத்திருந்தது. சாரல் வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

பக்கத்தில் ஓர் அம்மா. மடியில் மூடிபோட்ட ஓலைப்பெட்டி. என் கோலைப் பார்த்தார்.

"கால்ல என்னய்யா?"

"ஆபரேஷன்மா. இப்போ பரவாயில்லை."

"எறங்கும்போது சொல்லுங்க. கையப் பிடிச்சு விடுதேன்."

"வேண்டாம்மா, நானே இறங்கிருவேன்."

சொன்ன வேகம் எனக்கே கேட்டது. அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. பெட்டியில் என்ன என்று பேச்சை மாற்றினேன். பிடியரிசி என்றார். கோயிலுக்குக் கொண்டுபோகிறார். உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் பானையில் போடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிச் சட்டியில் போட்டு வைப்பது. நிறைந்ததும் ஆலயத்தில் சேர்ப்பது. திருநெல்வேலிச் சீமையின் பல சபைகள் இந்தப் பிடியரிசியில் வளர்ந்தவை. சங்கங்களின் கணக்குப் புத்தகங்களில் பவுனும் ஷில்லிங்கும் வருவது எல்லாருக்கும் தெரியும். இந்தச் சட்டிகளும் வரலாறுதான்.

"அரிசி குறைவா இருக்கிற அன்னைக்கு?"

"அன்னைக்குத்தான் விடாம எடுக்கணும். நெறைய இருக்கையில எடுத்தா நாம குடுத்தோம்னு ஆயிரும். இல்லாதப்ப எடுத்தாத்தான் அவர் குடுத்ததுன்னு தெரியும்."

சொல்லிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் பெட்டியைத் தலையில் ஏற்றி இறங்கிப் போய்விட்டார். இறையியல் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க நடத்தினாலும் பிடிபடாததைப் பேருந்துச் சீட்டு விலைக்குக் கேட்டுவிட்டேன்.

*

களக்காட்டில் இறங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. வாழைத்தார் ஏற்றிய வண்டிகள் கடைத்தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. புலிகள் காப்பகத்துக்குப் பெயர் கொடுத்த ஊர்; அதைவிட வாழைக்குப் பேர்போன ஊர். சத்தியவாகீசுவரர் கோயில் கோபுரம் காற்றையும் தூசியையும் கண்டுகொள்ளாமல் நின்றது. நான் தேடி வந்தது ஒரு குழியை.

1931 அக்டோபர் 24. டோனாவூர்க் குழுவைச் சேர்ந்த சிலர் களக்காட்டில் தங்கி மருத்துவப் பணி செய்ய ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். அந்த வீட்டைப் பார்க்க ஏமி மாலையில் வந்தார். சாவி கிடைக்கத் தாமதமாகி இருட்டிவிட்டது. கழிப்பிடத்துக்காக வெட்டிய குழி, இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது. கால் வைத்தார், விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. அவருக்கு வயது அறுபத்து மூன்று. சில வாரங்களில் சரியாகிவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் பழைய நடை திரும்பவே இல்லை. முதுகும் மூட்டுகளும் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. 1948இல் இன்னொரு முறை விழுந்தபின் கட்டிலைவிட்டு எழவே முடியாமல் போயிற்று. 1951 ஜனவரி 18 அன்று உறக்கத்திலேயே மறைந்தார்.

விழுந்த அன்று காலையில் அவர் செய்த ஜெபம் பலரும் அறிந்தது: உமக்கு இன்னும் நன்றாக ஊழியம் செய்ய என்னை எப்படித் தகுதிப்படுத்த வேண்டுமோ அப்படிச் செய்யும் என்பது அதன் பொருள். பிரசங்கங்களில் இதைச் சொல்லி, கேட்டதைக் கடவுள் கொடுத்தார் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தக் கணக்கு ஒருபோதும் ஒப்பவில்லை. குழியை வெட்டியது கடவுள் அல்ல, கவனக்குறைவான ஓர் ஆள். அந்தக் குழிக்குள்ளிருந்தும் கடவுளால் ஏதோ செய்ய முடிந்தது என்பதை மட்டும் என்னால் நம்ப முடிகிறது. இரண்டும் ஒன்றல்ல.

டீக்கடையில் இரண்டு பேரிடம் கேட்டேன். டோனாவூர் ஆஸ்பத்திரி எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த வீடு எது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதுதான் சரி என்று பட்டது. விழுந்த குழிக்கெல்லாம் பலகை நட்டால் எந்த ஊரிலும் நடக்க இடம் இருக்காது.

*

களக்காட்டிலிருந்து ஏர்வாடி போகும் வண்டியில் டோனாவூர் வரை சீட்டு. வலப்பக்கம் மலை கூடவே வருகிறது. வயல், வாழை, குளம், மறுபடி வயல். இந்த மலையடிவாரத்தில்தான் திருக்குறுங்குடியும் இருக்கிறது. வராகமாய் விசுவரூபம் எடுத்த பெருமாள் இங்கே தம்மைக் குறுக்கிக்கொண்டதால் குறுங்குடி என்று தலபுராணம் சொல்லும். கைசிகப் பண் பாடிய நம்பாடுவான் என்ற பாணர், ஒதுக்கப்பட்ட குலத்தவர், கோயிலுக்கு வெளியே நின்று பாடியதும், அந்தப் பாட்டின் பலனால் பிரம்மராட்சசன் ஒருவன் விமோசனம் பெற்றதும் அந்தக் கோயிலின் கதை. கார்த்திகை ஏகாதசி இரவில் இன்றும் நாடகமாக நடிக்கிறார்கள்.

பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில், கிறிஸ்து தம்மை வெறுமையாக்கி அடிமையின் கோலம் எடுத்தார் என்று வருவது நினைவில் ஓடியது. இரண்டையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொன்றின் நம்பிக்கையும் வேறு, அதன் உலகமும் வேறு. ஆனால் பெரியது சிறியதாகும் கதை இந்த மலையடிவாரத்துக்கு அந்நியமானது இல்லை. அயர்லாந்திலிருந்து வந்தவர் இங்கே அதைப் பேசியபோது, கேட்டவர்களுக்குக் காது ஏற்கெனவே பழகியிருந்தது.

டோனாவூரில் இறங்கும்போது மணி பதினொன்று. சாலையிலிருந்து உள்ளே நுழைந்தால் மரம், செம்மண், ஓடு வேய்ந்த கட்டடங்கள். அலுவலகத்தில் விவரம் சொன்னேன். என்னோடு ஒரு மூத்த அக்காளை அனுப்பினார்கள். இங்கே அக்காள் என்பதும் ஒரு பதவி மாதிரி. பிள்ளைகளை வளர்த்த தமிழ்ப் பெண்கள் அக்காள், கடல் கடந்து வந்த பெண்கள் சித்தி, ஆண்கள் அண்ணாச்சி. எல்லாருக்கும் நடுவில் ஒரே ஓர் அம்மை. மிஷனரிமார் துரையும் துரைசாணியுமாக இருந்த காலத்தில், உறவுப் பெயரால் மட்டும் கூப்பிட்டுக்கொண்ட ஓர் ஊர்.

ஏமி 1867 டிசம்பர் 16 அன்று அயர்லாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில், மில்லைல் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஜப்பான், பிறகு கொஞ்ச காலம் இலங்கை, 1895இல் பெங்களூர். அடுத்த ஆண்டு திருநெல்வேலிக்கு வந்து, தாமஸ் வாக்கர் என்ற மிஷனரியிடம் தமிழ் படித்தார். பிறகு ஐம்பத்தைந்து ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. சேலை கட்டிக்கொண்டு, பொன்னம்மாள் போன்ற தமிழ்ப் பெண்களோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பேசுவதுதான் முதலில் அவர் வேலை.

அதை நிறுத்தியது ஏழு வயதுக் குழந்தை. பொட்டுக்கட்டுவதற்காகக் கோயில் வீட்டில் விடப்பட்டவள்; முன்பு ஒருமுறை தப்பி ஓடியதற்காகக் கைகளில் சூடு வாங்கியவள். 1901 மார்ச் 6 அன்று மறுபடி ஓடி, பண்ணைவிளையில் ஏமியிடம் வந்து சேர்ந்தாள். அந்த ஆண்டே டோனாவூரில் வாசம். ஒரு குழந்தை பலவாகி, 1913க்குள் நூற்றுமுப்பது ஆயின. பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்க முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் போராடி, சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது 1947இல்தான்.

"பிள்ளைகள் வந்ததும் அம்மைக்குப் பிரசங்கத்துக்குப் போக நேரமில்லாமப் போச்சு" என்றார் அக்காள், நடந்துகொண்டே. "தாயின் காலைப் பிள்ளை கட்டிப்போடும்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்கல்ல. அந்தப் பேச்சு அம்மைக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சாம்."

பேச்சாளர் என்று பெயரெடுத்தவர், ராத்திரி பகலாகக் குழந்தைக்குப் பால் புகட்டவும் நகம் வெட்டவும் உட்கார்ந்தார். இதற்காகவா மிஷனரியாக வந்தீர்கள் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷரின் காலைக் கழுவியவரை அவர் சுட்டிக்காட்டினார்.

*

இங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது என்பதும், யாரிடமும் பணம் கேட்பதில்லை என்பதும் ஏமி வைத்த முறைகள். தேவையைக் கடவுளிடம் மட்டும் சொல்வது. வேண்டுகோள் கடிதம் இல்லை, கூட்டம் போட்டுக் காணிக்கை எடுப்பது இல்லை. பிரிஸ்டலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அநாதைப் பிள்ளைகளை இப்படி வளர்த்த ஜார்ஜ் முல்லரும், சீனாவின் உட்பகுதிக்கு ஆட்களை அழைத்துப்போன ஹட்சன் டெய்லரும் இந்த வழியில் அவருக்கு முன்னோடிகள். வந்த ஒவ்வொரு காசையும் எழுதி வைத்தார். எந்தத் தேவைக்கு எந்த நாளில் எவ்வளவு வந்தது என்பதைப் பின்பு புத்தகமாகவே போட்டார்.

இந்த இடத்தில் எனக்கு நெடுநாளாக ஒரு முரண்டு உண்டு. மனிதரிடம் கேட்க மாட்டேன், கடவுளிடம் மட்டும்தான் கேட்பேன் என்பது பணிவா, அல்லது பணிவின் வேட்டியைக் கட்டிக்கொண்ட கௌரவமா? அசிசி நகரத்துப் பிரான்சிஸ் தம் சகோதரர்களை வெட்கப்படாமல் பிச்சைக்குப் போகச் சொன்னார். அங்கே கையை நீட்டுவதுதான் தாழ்மை. இங்கே வாயை மூடுவது தாழ்மை. எது சரி?

கேட்டுவிட்டேன். அக்காள் சட்டென்று பதில் சொல்லவில்லை. ஜெப வீட்டின் வாசலில் செருப்பைக் கழற்றினோம். 1927இல் கட்டிய கட்டடம். கோபுரம், மணிகள், உள்ளே குளிர்ந்த தரை. நான் தூணைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தேன். அவர் பழக்கத்தில் சட்டென்று உட்கார்ந்தார்.

"கேக்காம இருக்கிறது பெரிய காரியம் இல்ல தம்பி. வாங்கிக்கிறதுதான் கஷ்டம்" என்றார். "கேட்டு வாங்கினா, நான் கெட்டிக்காரத்தனமா வாங்கிட்டேன்னு ஒரு இது இருக்கும். கேக்காம வந்தா யார்கிட்ட அதைச் சொல்லிக்கிறது? நாலணா அனுப்பின கிழவிக்கும் அதே நன்றிதான், ஆயிரம் அனுப்பினவருக்கும் அதேதான்."

பிரான்சிஸும் ஏமியும் எதிரெதிர்ப் பாதையில் நடந்து ஒரே திண்ணையில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது. கொடுத்ததில் வாழ்வது, சம்பாதித்ததில் அல்ல. ஓலைப்பெட்டி அம்மாவும் அந்தத் திண்ணையில்தான் இருந்தார்.

ஏமியைப் பணிவின் பதுமையாக்குவது அவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது. பிடிவாதக்காரர். எதையும் தம் கையில் வைத்துக்கொண்டவர். கேம்பிரிட்ஜில் பளிச்சென்று படித்துவிட்டு 1924இல் டோனாவூருக்கு வந்த ஸ்டீபன் நீல், ஓராண்டளவில் ஒத்துப்போகாமல் பிரிந்தார். அவரே பிற்பாடு திருநெல்வேலிப் பேராயரானார். யார் பக்கம் நியாயம் என்று இப்போது வழக்கு நடத்த வேண்டியதில்லை. பணிவு ஏமிக்குப் பிறவிக் குணம் இல்லை என்பது மட்டும் தெரிகிறது. 1919இல் அரசாங்கம் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தபோது, வேண்டாம் என்று சென்னை ஆளுநர் பெண்ட்லண்டுக்கு எழுதினார். அவமதிக்கப்பட்டுத் தள்ளப்பட்டவரின் ஊழியத்துக்குப் பதக்கம் எப்படிப் பொருந்தும் என்பது அவர் தயக்கம். மறுப்பது மரியாதையாக இராது என்று மற்றவர்கள் எடுத்துச் சொன்னபின் ஏற்றுக்கொண்டார். விழாவுக்கு மட்டும் போகவில்லை. பதக்கத்தை மறுப்பது அவருக்குச் சுலபமாகவே இருந்திருக்கும். பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்த பாடம் அப்படிச் சுலபமானதில்லை.

*

சமாதான அறை என்று அவருடைய அறைக்குப் பெயர். நான் வாசற்படியில் நின்றேன்.

எல்லாரையும் தூக்கி வளர்த்தவரை, இங்கே எல்லாரும் தூக்கினார்கள். அவர் நகம் வெட்டிவிட்ட பிள்ளைகள் வளர்ந்து வந்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்தார்கள். இந்த அறையிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் வெளிவந்தன. நோயாளிகளுக்கு நோயாளியே எழுதிய கடிதங்களின் தொகுப்பு 1933இல் வந்தது. அப்போது படுக்கையில் இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. நலமாக இருப்பவர்கள் நோயாளிக்கு எழுதும் ஆறுதல்கள் ஏன் மனதில் ஒட்டுவதில்லை என்று, தானே படுத்த பின்புதான் அவருக்குத் தெரிந்தது.

யோவான் சுவிசேஷத்தில் பேதுரு இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறார். முதலாவது, கடைசி இராப்போஜனத்தில். ஆண்டவர் காலைக் கழுவ வரும்போது, நீர் ஒருக்காலும் என் காலைக் கழுவக்கூடாது என்று தடுக்கிறார். கேட்பதற்குத் தாழ்மை போலத்தான் இருக்கிறது. கழுவ விடாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கில்லை என்று பதில் வருகிறது. இரண்டாவது, உயிர்த்தெழுந்த பிறகு, கடற்கரையில். இளவயதில் நீயே இடுப்பைக் கட்டிக்கொண்டு இஷ்டப்பட்ட இடத்துக்குப் போனாய். முதிர்வயதில் கைகளை நீட்டுவாய், வேறொருவன் உனக்குக் கட்டி, நீ விரும்பாத இடத்துக்குக் கொண்டுபோவான் என்கிறார். பேதுருவின் மரணத்தைக் குறித்த சொல் அது. அந்த வாசற்படியில் நின்றபோது, முதல் பாடத்தின் தொடர்ச்சியாகவே அது எனக்குக் கேட்டது. காலைக் காட்டக் கூசியவனிடம், ஒருநாள் கையையும் நீட்ட வேண்டியிருக்கும் என்கிறார்.

காலைக் கழுவுவதைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன். பெரிய வியாழனன்று ஆலயத்தில் பாத்திரமும் துண்டும் வைத்துச் சடங்காகவே செய்கிறோம். கழுவுகிறவரைத்தான் எல்லாரும் பார்க்கிறோம். நாற்காலியில் உட்கார்ந்து, வெடித்த குதிகாலை மறைக்கத் தெரியாமல் நெளிகிறவரை யாரும் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால், அன்றைக்கு ஆலயத்தில் அதிகமாகத் தாழ்த்தப்படுகிறவர் அவர்தான். கழுவுகிறவருக்கு ஒரு வேலையாவது இருக்கிறது.

தம்பியின் கையிலிருந்த சோப்பு நுரை நினைவுக்கு வந்தது.

*

அடக்கத் தோட்டத்தில் பெயர்க் கற்கள் இல்லை. தமக்கும் வேண்டாம் என்று ஏமி சொல்லியிருந்தார். மரநிழலில் எங்கே யார் என்று தெரியாத அமைதி. அவர் அடக்கமான இடத்தில் பிள்ளைகள் ஒன்றை மட்டும் வைத்திருக்கிறார்கள்: பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி. அதில் ஒரே சொல், அம்மை.

தண்ணீர் பாதிதான் இருந்தது. "இந்தக் காத்துக்கு நிக்காது. காலைல ஊத்தினா மத்தியானம் காத்தே குடிச்சிரும்" என்றார் அக்காள். சற்றுத் தள்ளி ஒரு குழாய் இருந்தது. வாளியை நிரப்பினார். தூக்கப் போனவரைத் தடுத்து நான் கையை வைத்தேன். கோல் ஒரு கையில், வாளி ஒரு கையில். இரண்டடி வைத்ததும் முழங்கால் கடுத்தது. அவர் சிரித்தார்.

"நீங்க இந்தப் பக்கம் பிடிங்க தம்பி. எனக்கும் இடுப்பு வலி."

ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, பாதி வழியில் கொஞ்சம் சிந்தி, கொண்டுபோய் ஊற்றினோம். தொட்டி ததும்பியது. ஒரு தவிட்டுக்குருவி கிளையிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது; நாங்கள் நகர்வதற்குக் காத்திருந்தது போலும்.

அந்தத் தொட்டி தானாக எதையும் செய்யாது. யாராவது ஊற்றினால் உண்டு. ஊற்றியதைக் குருவிக்கும் காகத்துக்கும் அணிலுக்கும் கொடுக்கும். மறுநாள் மறுபடி காலியாக நிற்கும். சிலுவையோ திறந்த வேதாகமமோ வைக்காமல் இதை வைத்தவர்களுக்கு அவரை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

*

வள்ளியூர் போகும் வண்டிக்காக நிறுத்தத்தில் நின்றேன். வெயில் இறங்கியிருந்தது, ஜெப வீட்டின் மணியோசை காற்றில் பாதி வந்து பாதி வராமல் கேட்டது. பெட்டிக்கடைக்காரரிடம் அடுத்த வண்டி எப்போது என்று கேட்டேன்.

"அஞ்சே காலுக்கு" என்றார். பிறகு சாலையை ஒருதரம் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "வந்தா."

ஆச்சி கேட்டிருந்தால், அதற்கு முன்னால் இரண்டு சொல் விட்டுப்போய்விட்டது என்று திருத்தியிருப்பாள். எனக்குத் திருத்தத் தோன்றவில்லை. நேர அட்டவணை தெரிந்த மனிதர் கடைசியில் ஒரு 'வந்தா' போடுகிறார். எல்லா ஏற்பாடும் செய்து முடித்த வீடு, பத்திரிகையில் ஒரு 'சித்தமானால்' போடுகிறது. மோர் வாங்கப் போகிற நாலு வீட்டுத் தூரத்தையும் தன் கையில் இல்லாத தூரமாகவே ஆச்சி நடந்தாள். பயந்து நடந்தவள் இல்லை. சிரித்துக்கொண்டே போய், சிரித்துக்கொண்டே செம்போடு திரும்புவாள்.

வண்டி வந்தது, ஐந்தரைக்கு. நல்ல கூட்டம். படி உயரமாக இருந்தது. கோலை முதலில் உள்ளே கொடுத்துவிட்டு, கையை நீட்டினேன்.